லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகள்: கேள்வி பதில்

பிரான்ஸின் லுவார் ஆற்றையும் அதில் வந்து கலக்கும் ஷேர், ஆந்த்ர், வியென் ஆறுகளையும் ஒட்டியுள்ள கோட்டைகளைப் பார்க்கச் செல்வது குறித்து வந்த கேள்விகளுக்கு, தூர் நகரில் வசித்துக்கொண்டு பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கும் நான் பதில் எழுதுகிறேன். விசா, விமானக் கட்டணம், பணமாற்று பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. அவை என் துறை அல்ல.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, பாரீஸில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் ஐந்து கோட்டைகளைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப முடியுமா?

ஐந்து வாகன நிறுத்தங்களைப் பார்க்கலாம். கிழக்கே உள்ள ஷாம்போருக்கும் மேற்கே உள்ள ஷினோனுக்கும் இடையே சாலைவழி நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு கோட்டையையும் நிதானமாகச் சுற்றிவர இரண்டு மணி நேரமாவது வேண்டும். நாளுக்கு இரண்டு கோட்டைகள் போதும். பாரீஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் தூரை அடுத்த சேன்-பியேர்-தே-கோர் நிலையத்தில் இறங்கிவிடலாம். தூரில் இரண்டு மூன்று இரவுகள் தங்குங்கள். அங்கிருந்து ஷெனோன்சோவுக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி நேரப் பயணம்தான். நிலையம் கோட்டையின் வாசலை ஒட்டியே இருக்கிறது. அம்புவாஸுக்கும் ப்ளுவாவுக்கும் ரயில் உண்டு, ஷாம்போருக்கு இல்லை.

இன்னொன்று: கிராமத்து உணவகங்களில் மதியச் சமையல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அதன் பிறகு மாலை ஏழு மணி வரை யாரும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள்.

மதுரையிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்: தலைநகரம் பாரீஸாக இருக்கும்போது, வயலும் காடுமான இந்த ஆற்றுப் பகுதியில் இத்தனை மாளிகைகள் எப்படி வந்தன?

இப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரின்போது, பின்னாளில் ஏழாம் சார்லஸ் என்று முடிசூடிய இளவரசர் 1418இல் பாரீஸிலிருந்து தப்பி, பூர்ழ் நகரிலும் லுவார் கரையிலும் அடைக்கலம் தேடினார். ஜோன் ஆஃப் ஆர்க் 1429இல் அவரைச் சந்தித்ததும் வியென் ஆற்றுக்கு மேலே நிற்கும் ஷினோன் கோட்டையில்தான். பாரீஸ் மீட்கப்பட்ட பின்னும் அரசர்களுக்கு அந்த நகரத்தின் மீது நம்பிக்கை வரவில்லை. வேட்டைக்கு ஏற்ற காடுகளும் சரக்குப் படகு ஓடும் ஆறும் உள்ள இந்தப் பகுதியே பல தலைமுறைகளுக்கு அரசவையின் இருப்பிடமாகிப் போனது. 1494இல் இத்தாலி மீது படையெடுத்த எட்டாம் சார்லஸ் அங்கிருந்து கைவினைஞர்களையும் தோட்டக்காரர்களையும் அழைத்து வந்தார்.

அரசர் இருக்கும் இடத்தில் பணத்தைக் கையாள்பவர்களும் இருப்பார்கள் அல்லவா? நாம் வியந்து பார்க்கும் மாளிகைகளில் சில, அரசர்கள் கட்டியவையே அல்ல. ஷெனோன்சோவைக் கட்டிய தோமா போயியேவும் ஆந்த்ர் ஆற்றின் நடுவே அஸே-லெ-ரிதோவைக் கட்டிய ழில் பெர்த்லோவும் அரசின் நிதி அதிகாரிகள். போயியே போர்க்களத்தில் அலைந்துகொண்டிருக்க, ஷெனோன்சோவின் கட்டட வேலையை முன்நின்று நடத்தியவர் அவருடைய மனைவி காதரின் பிரிசோனே. பெர்த்லோவின் கதை சோகமானது. நிதித் துறையின் பெருந்தலையான சாம்ப்லான்சே 1527இல் தூக்கிலிடப்பட்டதும், அவருடைய உறவினரான பெர்த்லோ நாட்டைவிட்டே ஓடினார். அப்போதைய அரசர் முதலாம் பிரான்சுவா மாளிகையைப் பறித்துத் தம் படைத்தலைவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அஸேயில் இரண்டு பக்கங்கள் மட்டும் எழும்பி மற்றவை எழும்பாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். அங்கே நுழைவாயிலின் மேல் அரசரின் சின்னமான சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியும் அரசியின் சின்னமான எர்மின் என்னும் கீரி போன்ற சிறு விலங்கும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கட்டியவர் காட்டிய அந்த விசுவாசம் அவரைக் காப்பாற்றவில்லை.

இதோடு கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துஃபோ என்னும் இந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையானது. விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டும். கரையோரக் குன்றுகளைக் குடைந்து எடுத்துப் படகில் ஏற்றினார்கள். குடைந்த குகைகள் பிறகு மதுக் கிடங்குகளாகவும் காளான் வளர்க்கும் இடங்களாகவும் ஏழைகளின் வீடுகளாகவும் ஆயின. இவ்வளவு நுண்ணிய சிற்பவேலைக்கும், அது மழையிலும் உறைபனியிலும் உதிர்ந்து ஏதோ ஒரு மூலையில் எப்போதும் சாரம் கட்டியிருப்பதற்கும் இந்த மென்மையே காரணம்.

கோவையிலிருந்து ஒருவர்: ஷாம்போரில் பல அறைகள் காலியாகக் கிடக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு வெறும் சுவரைக் காட்டுகிறார்களே?

அது கட்டப்பட்டதே காலியாக இருப்பதற்குத்தான் என்று சொன்னாலும் தவறில்லை. அக்கால அரசவை ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருந்தது. கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாம் வண்டிகளில் கூடவே வந்து, கூடவே போயின. முதலாம் பிரான்சுவா தம் 32 ஆண்டு ஆட்சியில் ஷாம்போரில் தங்கிய நாள்களை எல்லாம் கூட்டினாலும் சில வாரங்களே தேறும். பிற்காலத்தில் சேர்ந்த மரச்சாமான்களும் பிரெஞ்சுப் புரட்சியின்போது ஏலத்தில் போய்விட்டன. இரண்டாம் தளத்துக்கு ஏறி வளைகூரையை நிமிர்ந்து பாருங்கள்: கட்டம் கட்டமாக, சாலமாண்டரும் முடிச்சிட்ட கயிறு சூழ்ந்த அரசரின் முதலெழுத்தும் மாறி மாறி வரும். கழுத்து வலிக்கும்வரை பார்க்க வேண்டிய இடம் அது.

திருச்சியிலிருந்து ஒருவர்: ஒரு நாளில் நான்கு கோட்டைகள் என்று திட்டமிட்டிருக்கிறோம். சரிதானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு பொறியாளர்: ஷாம்போரின் இரட்டைச் சுருள் படிக்கட்டை லியொனார்டோ டாவின்சி கட்டினார் என்பதைப் பற்றி எழுதுங்கள்.

ஒருவர் ஏறவும் மற்றவர் இறங்கவும், நடுத்தண்டின் திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, வழியில் எங்கும் சந்திக்காமல் போகக்கூடிய அந்தப் படிக்கட்டு உண்மையிலேயே அற்புதம்தான். ஆனால் அதை லியொனார்டோ கட்டவில்லை. 1516இல் பிரான்ஸ் வந்த அவர், அம்புவாஸில் அரசர் கொடுத்த க்ளோ லூசே இல்லத்தில் 1519 மே 2 அன்று காலமானார். ஷாம்போர் வேலைக்கு மேற்பார்வையாளரை அரசர் நியமித்தது அதே ஆண்டு செப்டம்பரில். யோசனையில் அவருக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அதே பொறியாளர்: அவருடைய குறிப்பேட்டிலேயே இப்படிப்பட்ட படிக்கட்டுகளின் வரைபடங்கள் இருக்கின்றனவே. இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த வரைபடங்கள் அவர் பிரான்ஸ் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு மிலானில் வரைந்தவை. அவற்றில் நான்கு வழிப் படிக்கட்டும் உண்டு. வரைந்தவர் மனத்தில் ஒரு யோசனை இருந்தது என்பதற்கு அவை சான்று. ஷாம்போரில் இன்ன இடத்தில் இன்னது எழும்ப வேண்டும் என்று அவர் சொன்னதற்கு அவை சான்றாகா. பிரான்சுவா அவரிடம் கேட்ட மாளிகைத் திட்டம் ரொமொராந்தேன் என்ற வேறு ஊருக்கானது, அது கைவிடப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபெலிபியேன் என்ற அறிஞர் ப்ளுவாவில் பார்த்துப் பதிவுசெய்த, இத்தாலியக் கட்டடக் கலைஞர் தொமெனிக்கோ தா கோர்த்தோனாவுடையது என்று கருதப்படும் ஷாம்போரின் மரமாதிரியில் படிக்கட்டு நேராகத்தான் போகிறது. அப்படியானால் வேலை தொடங்கிய பிறகோ, தொடங்கும் தறுவாயிலோ யாரோ மனம் மாறியிருக்கிறார்கள். சுவையான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: ஒரு மாமேதையின் பெயரை மறைப்பதில் உங்களுக்கு என்ன லாபம்? வழிகாட்டிகள் எல்லோரும் லியொனார்டோ என்றுதானே சொல்கிறார்கள்.

அப்படிச் சொன்னால் நுழைவுச்சீட்டு நன்றாக விற்கும். மாமேதைக்கு என்னால் ஒரு குறைவும் வராது. அவருடைய கல்லறை என்று காட்டப்படும் இடம் அம்புவாஸ் கோட்டையின் சிற்றாலயத்தில் இருக்கிறது, நானே பலரை அங்கே அழைத்துப் போகிறேன். ஆனால் ழாக் சூர்தோ, பியேர் த்ரேன்கோ ஆகிய தலைமைக் கொத்தர்களின் பெயர்கள் ஆவணங்களிலேயே இருக்கின்றன. ஈர நிலத்தில் அடித்தளம் போட்டு, அதன்மேல் இவ்வளவு எடையை ஏற்றி, சுழலும் படிகளை ஒன்றோடொன்று இடிக்காமல் மேல்தளம் வரை கொண்டுபோனவர்கள் அவர்கள். தஞ்சைப் பெரிய கோவிலுக்கு முன் நின்றுகொண்டு, கட்டியவர் வீர சோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டைக் காட்டிப் பெருமைப்படும் நாம், இங்கே மட்டும் கொத்தரின் பெயரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே பொருளில் மேலும் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

பாரீஸ் புறநகரான லா கூர்நவ்விலிருந்து ஒரு தாய்: அண்ணா, பிள்ளைகளுக்குக் கோட்டை என்றாலே சலிப்பு. காவிரியில் குளித்து வளர்ந்த என் கணவர், லுவாரில் அவர்களை இறக்கிக் குளிக்க வைக்கலாம் என்கிறார்.

கூடவே கூடாது, தங்கச்சி. கோடையில் முழங்கால் அளவு நீரும் வெள்ளை மணல்திட்டும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; அந்த மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் காலடியில் திடீரென்று குழி விழும், அடிநீரின் இழுப்பு மேலே தெரியாது. லுவாரில் பெரும்பாலான இடங்களில் குளிக்கத் தடை உண்டு. காவிரியின் மணல்குழிகளை அறிந்தவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளை ஷெனோன்சோவுக்கு அழைத்துப் போங்கள். ஷேர் ஆற்றின் மேல் பாலமாகக் கிடக்கும் 60 மீட்டர் நீளக் கூடத்தில் அவர்களை நடக்கவிட்டு, முதல் உலகப் போரில் இங்கே காயம்பட்ட படைவீரர்களின் படுக்கைகள் வரிசையாகக் கிடந்தன என்று சொல்லுங்கள். பிறகு தெற்குக் கதவருகே நிறுத்துங்கள். 1940 முதல் 1942 வரை இந்த ஆறுதான் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லை. முன்வாசல் ஒரு பக்கம், இந்தக் கதவு மறுபக்கம். இதைக் கேட்டும் சலித்துக்கொள்ளும் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: மூட்டுவலி உள்ள அம்மாவையும் அழைத்து வருகிறேன். நாங்கள் சைவம்.

வில்லாந்த்ரியின் தோட்டங்களுக்கு அழைத்துப் போங்கள். 1906இல் அந்த இடத்தை வாங்கிய ஸ்பானியர் யோவாகிம் கார்வாயோ மீட்டெடுத்த தோட்டத்தில் ஒன்பது சதுரங்கள் முழுக்கக் காய்கறிகள்: முட்டைக்கோஸும் லீக்ஸும் கோலம்போல வரிசைகட்டி நிற்கும். ஷெனோன்சோவின் நீண்ட கூடத்தையும் அதிகம் படியேறாமல் பார்க்கலாம், ப்ளுவாவைத் தவிர்த்துவிடுங்கள். உணவுக்கு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி, பழம் ஆகியவற்றைக் காலையிலேயே சந்தையில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டு மணிக்குப் பிறகு அடுப்பு எரியாது.

பெயரில்லாமல் மூவர்: ஒரே நாளில் எத்தனை கோட்டைகள் பார்க்கலாம்?

இரண்டு.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: எங்கள் ஊருக்கும் இந்தக் கோட்டைகளுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு மெல்லிய இழை உண்டு. 1761இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த புதுச்சேரியை, 1763ஆம் ஆண்டின் பாரீஸ் உடன்படிக்கை பிரான்ஸுக்கே திருப்பித் தந்தது. அப்போது பிரெஞ்சு அரசின் வெளியுறவுக் கொள்கையை நடத்தியவர் ஷுவாசல் பிரபு. 1770இல் பதவி பறிபோய், அம்புவாஸுக்கு அருகே ஷாந்த்லூ என்ற தம் மாளிகைக்கு ஒதுங்க நேர்ந்தபோது, அரசரின் கோபத்துக்கு அஞ்சாமல் தம்மை வந்து பார்த்த நண்பர்களின் நினைவாக ஏழடுக்கு கொண்ட சீனபாணிக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். மாளிகை பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது, 44 மீட்டர் உயரக் கோபுரம் மட்டும் நிற்கிறது. அம்புவாஸ் நகரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவுதான், சைக்கிளிலேயே போய்வரலாம். உள்ளே மேலே ஏறலாம், ஆனால் அடுக்கு ஏற ஏறப் படி குறுகிக்கொண்டே போகும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: டிசம்பரில் வரலாமா?

வரலாம், கூட்டம் குறைவு. பகல் குறுகியது, கோட்டைகள் மாலை சீக்கிரமே மூடிவிடும், சில சிறியவை குளிர்காலம் முழுக்கவே திறப்பதில்லை. ஆகவே கிளம்புமுன் ஒவ்வொன்றின் நேரத்தையும் அந்தந்த இணையதளத்தில் சரிபாருங்கள். அந்த மாதத்துக்குப் பொருத்தமான இடம் ப்ளுவா: 1588 டிசம்பர் 23 அன்று காலை அரசர் மூன்றாம் ஆன்ரி தம் போட்டியாளரான கீஸ் பிரபுவைத் தம் மெய்க்காவலரைக்கொண்டு கொல்லச் செய்தது அங்கேதான். கொலை நடந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள், ஆனால் கோட்டையை விட்டு ஒன்றரை மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தை இத்தோடு மூன்று முறை சொல்லிவிட்டேன்.