தகவல் அறியும் உரிமைச் சட்டம் நன்றாக வேலை செய்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

எத்தனை மனுக்களுக்கு 30 நாளுக்குள் பதில் போனது என்ற கணக்கை மட்டும் வைத்துச் சொல்லவே கூடாது. ‘கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று ஒற்றை வரி அனுப்பினாலும் பதிவேட்டில் மனு முடிந்துவிடும். நான் பார்ப்பது தகவல் ஆணையத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டை.

பெங்களூரு அல்சூரில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். எங்கள் தெரு மழைநீர்க் கால்வாய்க்கான பணி ஆணையையும், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்டோம். ‘மூன்றாம் தரப்பினர் தகவல்’ என்று மறுத்துவிட்டார்கள். பொதுப் பணத்தில் வெட்டிய கால்வாயின் நீள அகலம் எப்படி ஒப்பந்ததாரரின் சொந்த விவகாரமாகும்? முதல் மேல்முறையீட்டைக் கேட்பவர் அதே துறையின் மேலதிகாரி. அவருக்காவது 30 நாள், மிஞ்சினால் 45 நாள் என்று கெடு உண்டு. அடுத்த படியான தகவல் ஆணையத்துக்குச் சட்டத்தில் கெடுவே இல்லை. மழைக்காலம் வந்து போய்விட்டது. எங்கள் மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்கிறது 20ஆம் பிரிவு. உங்கள் மாநில ஆணையம் அதை எத்தனை பேருக்கு விதித்தது, எவ்வளவு வசூலானது என்று கேட்டுப் பாருங்கள். ஆணையத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

ஆனாலும் சட்டம் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றபோது, காரணம் கேட்டு 10 ரூபாய் கட்டி மனு போட்டோம். பதில் வருவதற்கு முன்பே பணம் வந்துவிட்டது. இந்த வெற்றி எந்த ஆண்டறிக்கையில் ஏறும்?

எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க அலுவலரே உதவ வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. கன்னடம் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத எங்கள் தெரு அம்மாக்களில் ஒருவருக்குக்கூட அந்த உதவி கிடைத்து நான் பார்த்ததில்லை. என் கணக்கில் இதுவும் ஒரு பெரிய தோல்விதான்.

இப்போது இன்னொரு கவலை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட தகவல் பற்றி உள்ள விலக்கை அகலமாக்கிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் கொடுக்கலாம் என்று பொதுவாகச் சொல்லும் 8(2) பிரிவு மட்டும் இன்னும் இருக்கிறது. ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுத்தால் மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதை விளக்கமாக எழுதுங்கள்.