டிராயிங் பீரியடுக்குமா கற்றல் விளைவு?

கேள்வி: சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் கற்றல் விளைவு, அதாவது பாடம் முடிந்ததும் மாணவர்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை, எழுதித் தரச் சொல்கிறார் பிரின்சிபால். கணக்குப் போல ஓவியத்தை அளந்தால் கலை செத்துவிடாதா?
- ஓர் ஆசிரியை, கரூர்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயம்தான். ஆனால் அளக்காமல் விட்டபோது மட்டும் கலை செழித்ததா என்ன? ஆறாம் வகுப்பில் 'இயற்கைக் காட்சி' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓரமாய் ஒரு தென்னை, ஓட்டு வீடு, வானத்தில் நாலு காக்கை. வகுப்பு மொத்தமும் இதையே வரையும். கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடித்தவளுக்கு ஏ கிரேடு. அதுவும் ஓர் அளவுகோல்தான், யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

2023-இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தில் (எல்லாப் பாடங்களுக்குமான தேசிய வழிகாட்டி, NCF) கலைக் கல்விப் பகுதியைப் படியுங்கள். செய்வது, யோசிப்பது, ரசிப்பது என மூன்றையும் சேர்த்தே பேசுகிறது. பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது முதலாவது மட்டும். அமெரிக்காவின் 2014 கலைத் தரநிலைகளிலும் படைப்பதோடு, பிறர் முன் வைப்பதும் பார்த்துக் கருத்துச் சொல்வதும் உண்டு.

சரி, எப்படி எழுதுவது? 'அழகாக வரைவார்கள்' என்று எழுதினால் அதை யாராலும் திருத்த முடியாது. 'ஒரு கத்தரிக்காயை மூன்று பக்கத்திலிருந்து பார்த்து வரைவார்கள். நிழல் எங்கே விழுகிறது என்று சொல்வார்கள்' என்று எழுதுங்கள். பெஞ்சுக்கு ஒரு கத்தரிக்காய் வையுங்கள். முதலில் வரைந்த தாளைக் கிழிக்க விடாதீர்கள். அதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்து, "எதை மாற்றினாய், ஏன்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிட்டால், கோடு நேராக வராத பையனும் உற்றுப் பார்க்கத் தொடங்குவான். ஒரே விளைவை மூன்று வாரம் நீட்டலாம், தப்பில்லை. நடுவில் ஒரு பீரியட் சும்மா கிறுக்கட்டும்.

அப்புறம், "போர்ஷன் முடியல" என்று கணக்கு ஆசிரியர் உங்கள் பீரியடைக் கேட்டு வருவார் இல்லையா? முடிக்க வேண்டியது என்னிடமும் எழுத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று 2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகமே சொல்லியிருக்கிறது. பிரின்சிபாலிடமும் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: வாரத்தின் இரண்டு பீரியடை ஒன்றாகச் சேர்த்துத் தரட்டும். நாற்பது நிமிடத்தில் வாட்டர் கலர் காயக்கூடக் காயாது.