கிணற்று நீரும் வழக்கும்

கேள்வி: ஆலைக் கழிவு எங்கள் கிணற்றைக் கெடுத்துவிட்டது. வழக்குப் போடலாம் என்றால், "ஆதாரம் எங்கே என்பார்கள், ஜெயித்தாலும் உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும்" என்று தடுக்கிறார்கள். என்ன செய்ய? (ஒரு வாசகி)

பதில்: போடுங்கள் சகோதரி. அவர்களின் பயம் வெறும் பயமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானின் மினமாட்டா ஊரில், ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்புகளைத் தாக்கிய நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-இல். 1959-இல், அந்தக் கழிவை வெளியேற்றிய சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவர் ஹொசொகாவாவே ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை. அதற்கு வலிப்பு வந்தது. நிர்வாகம் விஷயத்தை அமுக்கிவிட்டது. பாதரசக் கழிவு 1968 வரை கடலுக்குப் போனது. நோயாளிகள் போட்ட வழக்கில், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி ஹொசொகாவா சாட்சி சொன்னது 1970-இல். நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 1973-இல். ஆதாரம் அத்தனை வருடமும் ஆலைக்குள்ளேயே இருந்திருக்கிறது! பாதிக்கப்பட்டவரே நிரூபிக்கட்டும் என்பது எவ்வளவு பெரிய அநியாயம்.

நம் உச்ச நீதிமன்றம் 1996-இல், வேலூர் தோல் ஆலைகள் வழக்கில், இந்தச் சுமையை மாற்றி வைத்தது. தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்ட வேண்டியது தொழில் நடத்துபவர்தான். உங்கள் மனுவில் இது கட்டாயம் இருக்கட்டும்.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். தண்ணீர் என்றைக்கு நிறம் மாறியது, எந்த வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குத் தந்த இசைவாணை (ஆலை நடத்த அனுமதி), ஆய்வறிக்கை இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க 5 வருடம் அவகாசம் உண்டு. மற்றச் சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதம்தான். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், உத்தரவு காகிதத்தோடு நிற்கும் பிரச்சினை. பிலிப்பைன்ஸில் மணிலா விரிகுடாவைச் சுத்தம் செய்யக் கேட்டு 1999-இல் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோடு விடவில்லை. பொறுப்பான துறைகள் 3 மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும் என்றது. அதற்கு முன்னுதாரணமாகக் காட்டியவற்றில் கங்கை மாசு பற்றிய நம் நாட்டு வழக்கும் ஒன்று. ஆகவே, ஆலையை நிறுத்தச் சொல்வதோடு முடித்துவிடாமல், குறிப்பிட்ட கால இடைவெளியில் நீர்ப் பரிசோதனை முடிவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், அதன் நகல் உங்களுக்கு வர வேண்டும் என்றும் மனுவிலேயே கேளுங்கள்.