ஹாத்தார்ன் இலை கொட்டுவது தண்ணீர்க் குறைவால் அல்ல

கோடை நடுவிலேயே உங்கள் பால்ஸ் ஸ்கார்லெட் ஹாத்தார்ன் (சிவப்புப் பூ பூக்கும் முள் மர வகை) இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது, தண்ணீர் பற்றவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். விழுந்த இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். செம்பழுப்புப் புள்ளிகளும், அவற்றின் நடுவே கறுப்பாகச் சிறு கொப்புளமும் தெரிந்தால் இலைப்புள்ளிப் பூஞ்சைதான். இந்த வகைக்கு அது கிட்டத்தட்ட பிறவி நோய்.

உதிர்ந்த இலைகளை உடனுக்குடன் கூட்டி அப்புறப்படுத்துங்கள். பூஞ்சை குளிர்காலத்தைப் பெரும்பாலும் அந்த இலைகளில்தான் கழிக்கிறது. இலை நனையாமல் தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். நெருக்கமான கிளைகளைக் கழித்து விடுங்கள் (தடித்த கையுறை இல்லாமல் அந்த முள்ளுகிட்ட போகாதீர்கள்). மருந்து என்றால் தளிர் விடும்போதே தொடங்க வேண்டும், இப்போது அடித்துப் பயனில்லை.

அப்புறம், மரத்தையே மாற்றும் எண்ணம் இருந்தால் கிரிம்சன் கிளவுட் என்ற ஹாத்தார்ன் வகையைப் பாருங்கள். ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூ, நடுவில் வெள்ளை. இந்த நோயை நன்றாகவே தாங்கும்.