ஓடாத எஞ்சின், ஓடிப்போன பணம்

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குள் ஓட்டும் சிறிய மாதிரி ரயில்களின் பிரியர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்கே புதிது. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி, இணையத்தில் பழைய எஞ்சின் வாங்குவதைப் பற்றியவை.

கே: என்னிடம் இருப்பது எச்ஓ தண்டவாளம். ஓஓ எஞ்சின் ஒன்று மலிவாக வருகிறது. ஓடுமா?

ஓடும். இரண்டுக்கும் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். ஆனால் மாதிரியின் அளவு வேறு: ஓஓ நிஜ ரயிலில் 76-ல் ஒரு பங்கு (1:76), எச்ஓ 87-ல் ஒரு பங்கு (1:87). உங்கள் பெட்டிகளுக்கு முன்னால் எஞ்சின் சற்றுப் பருத்துத் தெரியும். கண்ணை உறுத்தாவிட்டால் வாங்குங்கள்.

கே: "சோதிக்கப்படவில்லை, தண்டவாளம் இல்லை" என்று போட்டு ஒரு எஞ்சினுக்கு 180 ரிங்கிட் கேட்கிறார் விற்பவர். நான் மாணவன். வாங்கலாமா, ஐயா?

வேண்டாம், தம்பி. "சோதிக்கப்படவில்லை" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாதாரண டிசி எஞ்சினைச் சோதிக்கத் தண்டவாளமே தேவையில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் 9 வோல்ட் சதுர பேட்டரியும் இரண்டு துண்டுக் கம்பியும் போதும். ஒரு கம்பியை இடப்பக்கச் சக்கரத்திலும் மற்றதை வலப்பக்கச் சக்கரத்திலும் தொட்டால், நல்ல மோட்டார் விர்ரென்று சுழலும். அரை நிமிட வேலை. சோதித்துப் பார்த்து, ஓடாததால்தான் இவர்கள் அப்படி எழுதுகிறார்கள் என்பது என் கட்சி.

காணொளி கேளுங்கள். தண்டவாளத்தில் மெல்ல ஊர்ந்து போக வேண்டும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டிக்' என்று கேட்டால் அச்சிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்திருக்கலாம். அடிச்சட்டம் உப்பி வெடித்திருந்தால் தொடவே வேண்டாம். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்ட பழைய வார்ப்பு அது. உள்ளிருந்தே நொறுங்கும், எந்தப் பசையும் காப்பாற்றாது.

நான் மட்டும் புத்திசாலியா? சிவப்புச் சக்கரம் வைத்த ஜெர்மன் நீராவி எஞ்சினுக்கு மயங்கினேன். விலை 420 ரிங்கிட். எண்ணைப் பார்த்தாவது விழித்திருக்க வேண்டும். அடியில் நீளமாக ஒரு தகடு இருந்ததைப் படத்திலேயே பார்த்தேன், ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டேன். அந்தத் தகட்டால் நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் மூன்று தண்டவாள வகையாம் அது. என் இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்ததும், பாதைக்கு மின்சாரம் தரும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது, அத்தோடு சரி. இப்போது அலமாரியில் நிற்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி தூசி தட்டுகிறேன்.

கே: ஜப்பானிலிருந்து வந்த கன்ட்ரோலரில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. செருகலாமா?

செருகாதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

கே: செம்பனைத் தோட்டத்தில் இரண்டு ஞாயிறு ஓவர்டைம் செய்த 350 ரிங்கிட்டை விற்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். ஆள் மறைந்துவிட்டார். வீட்டில் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் அல்ல. இதைப் படித்ததும் 997 எண்ணை அழையுங்கள். மோசடிப் புகார்களுக்கான எண் அது. பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். உரையாடல், விளம்பரம், பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள். விற்றவர் அடையாளம் தெரிந்த வியாபாரி என்றால், 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அடுத்த முறை, பொருள் கைக்கு வரும்வரை பணத்தைத் தன்னிடம் நிறுத்தி வைக்கும் தளத்தின் வழியாகவே கட்டுங்கள்.

கே: மூன்றாவது எஞ்சினும் ஓடவில்லை. மூன்றையும் படம் பார்த்துத்தான் வாங்கினேன். என்ன செய்யலாம்?

நான்காவதை வாங்காதீர்கள்.

கே: நம் மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் எஞ்சின் மாதிரி ஒன்றை என் எச்ஓ பாதையில் ஓட்ட ஆசை.

கேடிஎம் பாதை ஒரு மீட்டர் அகலம். உங்கள் 16.5 மில்லிமீட்டரை 87 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பிய அகலம். 1:87 அளவில் மீட்டர் பாதைக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். அதில் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து எஞ்சின்கள். கேடிஎம் கண்ணில் பட்டால் எனக்கும் எழுதுங்கள், காணொளியோடு.