பயிற்சி முடிந்தது, வகுப்பில் என்ன மாறியது?

ஆசிரியர்களின் தொடர் கற்றல் குறித்து கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றில் சில கேள்விகளும் எங்கள் ஆசிரியர் கல்விக் குழுவின் பதில்களும்:

கேள்வி: ஒவ்வொரு பயிற்சியிலும் நோட்டு நிறையக் குறிப்பெடுத்து வருகிறேன். ஒரு வாரம் போனால் பழையபடியே பாடம் நடத்துகிறேன். என்னிடம்தான் குறையா?
(தொடக்கப்பள்ளி ஆசிரியை, பண்ருட்டி)

பதில்: குறை உங்களுடையது அல்ல. 35 பிள்ளைகள் எதிரே இருக்கும்போது நின்று யோசிக்க நேரம் கிடைக்காது. பழகியதுதான் வாயில் வரும், கையில் வரும். அதனால் பயிற்சியில் கேட்ட இருபது உத்திகளையும் திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் இறக்காதீர்கள். ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒரே பாடவேளையில், 3 வாரம் விடாமல் செய்யுங்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதில் தொடங்கலாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக 1 விநாடிதான். அதை 3 விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

உங்கள் கைபேசியின் குரல் பதிவை மேசைமேல் ஓடவிட்டு 10 நிமிடப் பாடத்தைப் பதிவு செய்யுங்கள். மாலையில் கேட்டு, எத்தனை கேள்வி கேட்டீர்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி விட்டீர்கள், எத்தனைக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று எழுதுங்கள். பதிவு உங்களுக்கு மட்டும்தான், கேட்டதும் அழித்துவிடுங்கள்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "செல்வி, ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டால், 'செல்வி' என்ற பெயர் காதில் விழுந்ததுமே மற்ற 34 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டு, மனதுக்குள் 3 எண்ணி, அதன்பிறகு "செல்வி சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். வேகமான பிள்ளைகள் முதல் வாரம் "டீச்சர், டீச்சர்" என்று முந்துவார்கள். விடையைச் சிலேட்டில் எழுதி, நீங்கள் 'காட்டு' என்றதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டச் சொன்னால் அது அடங்கும். யாருக்குத் தெரியவில்லை என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்த ஆதாயம் எந்தச் சான்றிதழிலும் வராது.

கேள்வி: குறுவள மையக் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் இடம்) கூட்டத்தில் வீடியோ பார்க்கிறோம், படிவம் நிரப்புகிறோம், கலைகிறோம். அருகருகே உள்ள 4 பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து உருப்படியாக என்ன செய்யலாம்?
(தலைமையாசிரியர், கடலூர் முதுநகர்)

பதில்: ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்ற மூவரும் பாருங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கு மேலாக இருந்துவரும் முறை இது.

பிள்ளைகள் அடிக்கடி தவறுகிற இடமாக எடுங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் பலர் 35 என்று எழுதுவார்கள். 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டுவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்தால் இது தீராது. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஒரு விதியை உண்டாக்கி வைத்திருக்கிறது; அந்த விதியைத்தான் உடைக்க வேண்டும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். 52 என்றால் 5 கட்டு, 2 உதிரி. 7 உதிரி எடுக்கச் சொன்னதும் பிள்ளை தயங்கும். அந்தத் தயக்கம்தான் பாடத்தின் உயிர். "கட்டை அவிழ்" என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். தானே அவிழ்த்து 4 கட்டு, 12 உதிரி ஆக்கிய பிள்ளைக்கு, 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்வது என்னவென்று விளங்கிவிடும்.

பார்க்க வருபவர்கள் ஆளுக்கு 3 பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, அவர்கள் செய்ததையும் சொன்னதையும் அப்படியே எழுத வேண்டும். ஆசிரியரின் குரல், கரும்பலகைக் கையெழுத்து பற்றி ஒரு வரியும் வேண்டாம். பாடம் 40 நிமிடம், பேச்சு 30 நிமிடம். நடத்தியவர் முதலில் பேசட்டும். "நல்லா இருந்துச்சு சார்" என்ற பாராட்டோடு முடிந்தாலும், குற்றப்பட்டியலாக மாறினாலும் அடுத்த முறை யாரும் பாடம் நடத்த முன்வரமாட்டார்கள். பேசியதை வைத்துத் திருத்திய பாடத்தை ஒரு வாரத்துக்குள் இன்னொரு பள்ளியில் இன்னொருவர் நடத்த வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் சுற்றைத்தான். முன்னும் பின்னும் ஒரு சிறு தேர்வு வைத்து எழுதினால் அதுவே செயல் ஆராய்ச்சி ஆகும்; வடலூரில் உள்ள டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) விரிவுரையாளர்களிடம் கொண்டுபோய்க் காட்டி யோசனை கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி சிபிஎஸ்இ. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை எப்படிக் கணக்கு வைப்பது?
(ஆசிரியை, லாஸ்பேட்டை)

பதில்: 50 மணி நேரம் என்பது தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் சொல்லப்பட்டது. சிபிஎஸ்இ அதில் 25 மணி நேரத்தை வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்தும் பயிற்சிகளிலும், மீதி 25-ஐப் பள்ளிக்குள்ளோ சகோதயா என்னும் அக்கம்பக்கத்து சிபிஎஸ்இ பள்ளிகளின் குழுமம் வழியாகவோ முடிக்கச் சொல்கிறது. ஒரு நீள நோட்டில் தேதி, மணி, நடத்தியவர், தலைப்பு, வகுப்பில் பயன்படுத்திய நாள் என்று 5 கட்டம் போடுங்கள். ஐந்தாவது கட்டம் உங்களுக்காக.

தீக்‌ஷா என்ற அரசின் இணையவழிப் பயிற்சிச் செயலியில் சான்றிதழ் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒருமுறை கைபேசி எண்ணிலும் மறுமுறை கூகுள் கணக்கிலும் நுழைவதுதான். அவை 2 தனிக் கணக்குகள். பாதிப் பாடம் அங்கே, பாதி இங்கே என்று ஆகிவிடும். எப்போதும் ஒரே வழியில் நுழையுங்கள். பெயரைப் பணிப்பதிவேட்டில் உள்ளபடி முதலிலேயே திருத்திக்கொள்ளுங்கள். சான்றிதழ் வந்த அன்றே இறக்கி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வையுங்கள்.

கேள்வி: வயது 51. ஆறாம், ஏழாம் வகுப்புக்கு எடுக்கிறேன். இந்த வயதில் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதத்தான் வேண்டுமா?
(பட்டதாரி ஆசிரியர், சிதம்பரம்)

பதில்: உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்பின்படி, பணிக்காலம் 5 ஆண்டுக்கு மேல் மீதமுள்ள 1 முதல் 8 வரையிலான வகுப்பு ஆசிரியர்கள் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் ஓய்வு வரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி தேவை. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. உங்களுக்கு 60 வயதுவரை 9 ஆண்டு இருப்பதால் தயாராகிவிடுவதே நல்லது. அரசாணைகளையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

25 ஆண்டு பாடம் நடத்தியவருக்கு இந்த வயதில் தேர்வு என்றால் மனம் வலிக்கும். அது நியாயமான வலி. ஆனால் உங்கள் அனுபவமே பாதிப் பாடம். 6 முதல் 8 வரையிலான வகுப்பு ஆசிரியர்களுக்கான தாள் 2-இல் 150 கேள்வி: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, இரு மொழிகளுக்கும் 30 வீதம், உங்கள் பாடப்பிரிவு 60. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே ஒன்றையும் விடாதீர்கள். மூத்த ஆசிரியர்கள் சறுக்குவது குழந்தை வளர்ச்சிப் பகுதியில்தான். விஷயம் தெரியும், பெயர்தான் தெரியாது. ஒரே அளவு தண்ணீரை உயரமான கண்ணாடி டம்ளரிலும் அகலக் கிண்ணத்திலும் ஊற்றிக் காட்டினால், 5 வயதுப் பிள்ளை டம்ளரில்தான் அதிகம் என்று சொல்லும். இதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். சுவிஸ் உளவியலாளர் பியாஜே 2 முதல் 7 வயது வரை என வகுத்த 'செயலுக்கு முந்தைய நிலை' (Preoperational stage) அதுதான். இப்படிக் கண்டதோடு பெயரைக் கோத்துப் படித்தால் மறக்காது.

தினம் 1 மணி நேரம் போதும். தவறிய கேள்விகளைத் தனி நோட்டில் எழுதி 3-ஆம் நாள், 10-ஆம் நாள், 30-ஆம் நாள் திரும்பப் போட்டுப் பாருங்கள். விடைத்தாளில் வட்டம் கருக்குவதையும் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். நேரம் கரைவது அங்கேதான்.

கேள்வி: வினாத்தாள் தயாரிக்கச் சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா?
(தமிழாசிரியை, வில்லியனூர்)

பதில்: வரைவுக்குப் பயன்படுத்தலாம். பாடப்பகுதியை நீங்களே உள்ளே கொடுத்து, அதிலிருந்து மட்டும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சும்மா கேட்டால் இல்லாத குறளைக்கூடத் திருவள்ளுவர் பெயரில் எழுதித் தரும், சந்திப்பிழையும் இருக்கும். ஒவ்வொரு வரியையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் ஏற்றாதீர்கள்.