சாஃப்ட் 6 என்றால் எந்த சாஃப்ட் 6? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் வசந்த கால குதிரை ரேஸ், டிராக், மழை: கேள்வி பதில்

சார், வசந்தம் என்றால் மார்ச், ஏப்ரல்தானே? மெல்போர்னில் ஏன் அக்டோபர், நவம்பரில் வசந்த கால ரேஸ் என்கிறார்கள்?

பூமியின் தென்பாதியில் பருவங்கள் நமக்கு நேர்மாறு. அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். அக்டோபரில் கால்ஃபீல்ட் டிராக்கில் 2400 மீட்டர் கால்ஃபீல்ட் கப், அதே மாதக் கடைசியில் காக்ஸ் பிளேட் (2025 வரை மூனி வேலி டிராக்கில் 2040 மீட்டர்), நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை ஃபிளெமிங்டன் டிராக்கில் 3200 மீட்டர் மெல்போர்ன் கப். இந்த மூன்று மாதமும் வானிலை ஒரு நிலையில் நிற்காது. வடக்கே வறண்ட உள்நாட்டிலிருந்து அனல் காற்று வரும். தெற்கே பெருங்கடலிலிருந்து குளிர்காற்றும் மழையும் திரண்டு வரும். காற்று திசை மாறிய ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் இறங்குவது அந்த ஊருக்குப் புதிதல்ல. புதன்கிழமை பார்த்த டிராக் சனிக்கிழமை இருக்காது. காலையில் பார்த்தது மாலையிலேயே இருக்காது.

குட் 4, சாஃப்ட் 7 என்று எண் போடுகிறார்களே, அதை யார் எப்படி அளக்கிறார்கள்?

2014 டிசம்பரிலிருந்து ஆஸ்திரேலியா முழுவதும் புல் டிராக்குகளுக்கு ஒரே அளவுகோல்தான். ஃபர்ம் 1, 2. குட் 3, 4. சாஃப்ட் 5, 6, 7. ஹெவி 8, 9, 10. எண் ஏற ஏற ஈரம் கூடுகிறது. அதற்கு முன் 'டெட்', 'ஸ்லோ' என்ற பெயர்களும் இருந்தன. பழைய முடிவுகளைப் புரட்டும்போது டெட் 4 என்று கண்டால் இன்றைய குட் 4 என்றும், டெட் 5 என்றால் சாஃப்ட் 5 என்றும், ஸ்லோ 6, 7 என்றால் சாஃப்ட் 6, 7 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் கருவி பெனட்ரோமீட்டர். 1 சதுர சென்டிமீட்டர் முனை உள்ள கம்பியைப் புல்மேல் நிறுத்தி, 1 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விழவிடுவார்கள். கம்பி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதுதான் அளவு. டிராக்கைச் சுற்றிலும் பல இடங்களில் இப்படிக் குத்திப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். அதோடு டிராக் மேலாளர் நடந்து பார்த்த கணிப்பும் சேர்ந்துதான் எண் வெளியாகிறது.

இங்கே 'சராசரி' என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. நேர்ப்பாதையில் வெயில் படும் இடம் குட் 4 ஆகவும், பார்வையாளர் கூடத்தின் நிழல் விழும் இடம் சாஃப்ட் 6 ஆகவும் இருந்தால், அறிவிப்பில் வருவது சாஃப்ட் 5. ஆனால் அந்த சாஃப்ட் 5 தரையில் எந்தக் குதிரையும் கால் வைப்பதில்லை.

அண்ணே, இரண்டு ஊரில் ஒரே நாள், இரண்டும் சாஃப்ட் 6. ஒன்றில் முன்னால் ஓடிய குதிரைகளே ஜெயித்தன, இன்னொன்றில் எல்லாம் பின்னாலிருந்து வந்து ஜெயித்தன. எண் பொய்யா?

எண் பொய்யில்லை தம்பி. அது ஈரத்தை மட்டும் சொல்கிறது; டிராக்கின் வடிவத்தையும் அடியில் இருக்கும் மண்ணையும் சொல்வதில்லை.

ஃபிளெமிங்டன் சுற்றளவு 2312 மீட்டர், கடைசி நேர்ப்பாதை 450 மீட்டர். பின்னால் வரும் குதிரைக்கு நேரமும் இடமும் கிடைக்கும். 2025 வரை இருந்த பழைய மூனி வேலி டிராக்கில் சுற்றளவு 1805 மீட்டர்தான், நேர்ப்பாதை வெறும் 173 மீட்டர். வளைவிலேயே வேகம் எடுக்காவிட்டால் கதை முடிந்தது. கால்ஃபீல்ட் இரண்டுக்கும் நடுவில், 367 மீட்டர்.

மண்ணும் முக்கியம். அந்தப் பழைய மூனி வேலியில் 1995-இல் போட்ட ஸ்ட்ராத்ஏர் என்ற தரை மணல் அடித்தளம் கொண்டதாக இருந்தது. வேர்ப் பகுதியில் வலைத்துண்டுகள் கலந்திருந்தன. மழை நின்றதும் தண்ணீர் கீழே இறங்கிவிடும், புல்லும் எளிதில் பெயராது. களிமண் கூடிய தரையில் அதே மழை மேலேயே நின்று பசையாகும். அதனால் ஒரு குதிரையின் ஈரத்தரைச் சாதனையைப் பார்க்கும்போது எந்த ஊர் ஈரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மழை பெய்துகொண்டிருக்கும்போது ஓடுவதும், மழை நின்று காய்ந்துகொண்டிருக்கும்போது ஓடுவதும் ஒன்றா? இரண்டுக்கும் ஹெவி 8 என்றுதானே போடுகிறார்கள்?

நல்ல கேள்வி. வசந்த ரேஸைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விஷயம் கிடையாது.

மழை கொட்டும்போது மண்ணில் தண்ணீர் நிறைந்து தளர்ந்து நிற்கும். குளம்பு உள்ளே போகும், தண்ணீர் பக்கவாட்டில் தெறிக்கும், குளம்பு வெளியே வரும். ஆழம் இருந்தாலும் பிடித்து இழுக்காது. மழை நின்று வெயிலும் காற்றும் பட ஆரம்பித்ததும் தண்ணீர் குறைகிறது, ஆனால் மண் இன்னும் இறுகவில்லை. அந்த இடைநிலையில் மண் பிசின் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு அடியிலும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். முழுவேகத்தில் ஓடும் குதிரையின் ஒரு காலில் அதன் உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுமை இறங்குகிறது. 500 கிலோ குதிரை என்றால் 1200 கிலோவுக்கு மேல். அந்தச் சுமையோடு பசையில் இறங்கிய காலை மீட்பதற்கு எவ்வளவு சக்தி போகும்! காய்ந்துவரும் ஹெவி 8 தரை, தண்ணீர் நிற்கும் ஹெவி 10-ஐ விடக் களைப்பைக் கொடுப்பது இதனால்தான்.

குளம்படித் தடத்தை உற்றுப் பார்த்தால் இது தெரியும். குட் 4 தரையில் தடத்தின் விளிம்பு வெட்டி எடுத்தது போல் கூர்மையாக இருக்கும். காய்ந்துவரும் தரையில் வேரோடு ஒரு கட்டி பெயர்ந்து தடத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும். தண்ணீர் நிற்கும் தரையில் தடமே தெரியாது, சின்னக் குட்டையாக மூடிவிடும். 1976 மெல்போர்ன் கப் அந்த மூன்றாவது வகை. ரேஸுக்குச் சற்று முன் அடித்த புயல்மழையில் ஃபிளெமிங்டன் வெள்ளக்காடாக, சேற்றில் நன்றாக ஓடும் வான் டெர் ஹம் ஜெயித்தது.

எனவே அறிவிப்பில் எண்ணோடு திசையையும் பாருங்கள். 8-இலிருந்து 7-க்கு வந்த சாஃப்ட் 7 வேறு, 6-இலிருந்து 7-க்குப் போன சாஃப்ட் 7 வேறு.

'ரெயில் ட்ரூ', 'ரெயில் அவுட் 6 மீட்டர்' என்றால் என்ன? டிராக் நிலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உள்பக்க வேலி அதன் அசல் இடத்தில் இருந்தால் ட்ரூ. அதை வெளிப்பக்கமாக 6 மீட்டர் நகர்த்திப் போட்டால் அவுட் 6 மீட்டர். மிதிபட்ட புல்லுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த ரேஸுக்குப் புதிய புல்லைத் திறந்துவிடத்தான் இந்த ஏற்பாடு.

ஃபிளெமிங்டனில் கப் வாரம் என்பது எட்டு நாளில் நான்கு ரேஸ் நாள்: சனி டெர்பி, செவ்வாய் கப், வியாழன் ஓக்ஸ், மறு சனி கடைசி நாள். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மேல் குதிரைகள் அதே புல்மேல் ஓடுகின்றன. முதல் நாள் தரை ஈரமாக இருந்துவிட்டால் உள்பக்கம் உழுத வயலாகிவிடும். பிறகு ஜாக்கிகள் நேர்ப்பாதையில் டிராக்கின் நடுவுக்கோ வெளியோரத்துக்கோ குதிரையைக் கொண்டுபோவார்கள். உலர்ந்த வாரம் என்றால் வேலியோரம் கடைசி வரை தாங்கும், முன்னால் ஓடுபவருக்கு லாபம். வேலியை நகர்த்தியதும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய வேலிக்கு ஒட்டினாற்போல் மிதிபடாத பட்டை எவ்வளவு அகலம் கிடைத்தது? 2 மீட்டர் மட்டும் நகர்த்தியிருந்தால் ஒன்றிரண்டு குதிரைக்குத்தான் அந்தச் சலுகை. மூன்றாவதாக வெளியே ஓடுபவர் பழைய சேற்றில்தான்.

மழை வரும் என்று தெரிந்தும் முந்தின நாள் ஏன் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்? இதில் எப்போதும் சண்டைதான்.

சண்டை நியாயமானதுதான், ஆனால் டிராக் மேலாளர் பக்கமும் நியாயம் உண்டு. வசந்தத்தில் அனல் காற்று வீசும் ஒரு நாளில் தரையிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தண்ணீர் போய்விடும். வானிலை அறிக்கை 10 மி.மீ. மழை என்று சொல்லி, மழை ஏமாற்றிவிட்டால் காலையில் தரை ஃபர்ம் 2. கெட்டியான தரையில் அதிர்ச்சி முழுவதும் குதிரையின் கால் எலும்புக்கும் தசைநாருக்கும் போகிறது. ரேஸ் காலையில் குட் 4 வைத்துத் தொடங்குவதே பாதுகாப்பான இலக்கு. தண்ணீர் விட்டபின் மழையும் வந்தால் சாஃப்ட் 6 ஆகும், குறை சொல்வார்கள். ஆனால் அது குதிரையின் காலை உடைக்காது. இரண்டு தவறில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், ஈரப்பக்கம் தவறுவதே சரி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஈரத்தில் ஓடுமா என்று குதிரையைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. முன்னங்காலை நன்றாக மடக்கி உயர்த்தி வைக்கும் குதிரைக்கு ஈரம் எளிது. தரையை ஒட்டிக் காலை நீட்டி வழுக்கிச் செல்வது போல் ஓடும் குதிரைக்கு உலர்ந்த தரை பிடிக்கும். ஆனால் இதை விதியாக எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். பதிவேடுதான் நம்பகமானது.

பதிவேட்டில் 'சாஃப்ட் 6: 2-1-0' என்று இருந்தால், அந்த 6 டிராக் எண் அல்ல; சாஃப்ட் தரையில் ஆறு முறை ஓடி இரண்டு முதலிடம், ஒரு இரண்டாமிடம், மூன்றாமிடம் இல்லை என்று பொருள். இதில் சிக்கல், சாஃப்ட் 5-ம் சாஃப்ட் 7-ம் ஒரே கூடையில் கிடக்கின்றன. 5 என்பது கிட்டத்தட்ட நல்ல தரை. 7 என்பது ஹெவிக்குப் பக்கத்து வீடு. அந்த ஆறு ஓட்டத்தையும் தனித்தனியாகத் திறந்து, எண் என்ன, எத்தனை லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் தோற்றது என்று பாருங்கள். ஈரத்தில் ஒருமுறை தோற்றதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். தூரம் பொருந்தாமலும் தோற்றிருக்கலாம்.

ஈரத்தில் கூடுதல் எடை சுமக்கும் குதிரைக்குப் பாதகமா?

தூரம் கூடக் கூட, ஆம். மெல்போர்ன் கப்பில் ஒவ்வொரு குதிரையும் சுமக்க வேண்டிய எடை செப்டம்பரிலேயே அறிவிக்கப்படுகிறது. நவம்பர் மழை அந்தக் கணக்கில் இல்லை.

ஐரோப்பாவிலிருந்து வரும் குதிரைகளுக்கு மழை வந்தால் கொண்டாட்டம் என்கிறார்களே?

பாதி உண்மை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 'குட்' என்று சொல்லும் தரை ஆஸ்திரேலிய குட் தரையைவிட மிருதுவானது. அங்கே குட் தரையில் ஜெயித்த குதிரைக்கு மெல்போர்னில் சாஃப்ட் 5 பழகிய இடம் போலிருக்கும். 1993-இல் அயர்லாந்திலிருந்து வந்த விண்டேஜ் கிராப் மழை நனைத்த ஃபிளெமிங்டனில் கப்பை வென்றது. மறுபக்கம், உலர்ந்த வேகத் தரை அந்தக் குதிரைகளின் கால்களுக்குச் சோதனை. 2020 மெல்போர்ன் கப்பில் ஆண்டனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து உயிரிழந்தபின், அடுத்த ஆண்டு முதல் வெளிநாட்டுக் குதிரைகளுக்குக் கால்களின் சி.டி. ஸ்கேன் உள்ளிட்ட கடுமையான பரிசோதனைகள் வந்தன.

ஃபிளெமிங்டன் 1200 மீட்டர் நேர் ஓட்டத்தில் குதிரைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஓடுவது எதனால்?

அங்கே 1200 மீட்டருக்கு வளைவே கிடையாது. யார் எந்த ஓரத்துக்கும் போகலாம். ஒரு ஓரம் வேகமாகக் காய்ந்திருந்தால் அங்கே ஓடுபவருக்கு லாபம். எதிர்க்காற்று இருந்தால் தனியாக முன்னால் போகும் குதிரை சீக்கிரம் களைத்துவிடும், மற்றவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வருவது மேல். அதனால் இந்த ஓட்டத்துக்கு மழை அளவோடு காற்றின் திசையையும் பாருங்கள்.

2022-இல் வெள்ளம் வந்தபோது ஃபிளெமிங்டன் எப்படித் தப்பியது?

டிராக் மாரிபிர்னாங் ஆற்றின் கரையில் இருக்கிறது. 2007-இல் கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர் அக்டோபர் வெள்ளத்தை வெளியே நிறுத்தியது. ஆற்றோரத்து மாரிபிர்னாங் பகுதியில் வீடுகள் மூழ்கின. சுவரால்தான் தண்ணீர் அங்கே கூடியதா என்ற வேதனையான கேள்வி பலமாக எழுந்தது. 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லா நினா, அதாவது கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கு மழை கூடும் ஆண்டுகள். அந்த ஆண்டுகளின் ஈரத்தரை முடிவுகளை உலர்ந்த ஆண்டுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி டெர்பியும் வசந்தத்தில்தானே? அங்கும் இதே கணக்கா?

இல்லை, அது மண் டிராக். மழை வருமுன் மேற்பரப்பை அழுத்தி மூடிவிடுவார்கள், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிட வேண்டும் என்பதற்காக. மேலே தண்ணீர், அடியில் இறுகிய தளம்: இது 'ஸ்லாப்பி', வேகமாகவே ஓடலாம். தண்ணீர் ஊறி மண் குழைந்தால் 'மடி', அதுதான் மெதுவான தரை. பின்னால் வரும் குதிரையின் முகத்தில் சேறு அடிப்பதால் முன்னால் ஓடுபவருக்குச் சாதகம் என்பார்கள். 2018-இல் 3 அங்குலத்துக்கு மேல் மழை பெய்த நாளில் ஜஸ்டிஃபை தொடக்கத்திலிருந்தே முன்வரிசையில் ஓடி வென்றது. ஆனால் 2009-இல் அதே ஸ்லாப்பி தரையில் மைன் தட் பேர்ட் கடைசியிலிருந்து வேலியோரமாகப் புகுந்து வந்து வென்றது.

ரேஸ் நாளில் எதை எப்போது பார்ப்பது? வரிசையாகச் சொல்லுங்கள்.

காலையில் மூன்று விஷயம்: டிராக் எண், கடந்த 24 மணி நேரத்திலும் ஒரு வாரத்திலும் பெய்த மழை மற்றும் பாய்ச்சிய தண்ணீர், வேலியின் இடம். பிறகு விலகிய குதிரைகளின் பட்டியல். ஈரம் பிடிக்காத குதிரைகளை ட்ரெய்னர்கள் விலக்கினால், முன்னால் ஓடப்போவது யார் என்ற கணக்கே மாறிவிடும்.

முதல் இரண்டு ரேஸை நேரத்தோடு பாருங்கள். 1 வினாடி என்பது சுமார் 6 லெங்த். அந்தத் தரத்து ரேஸுக்கு வழக்கமான நேரத்தைவிட 1200 மீட்டரில் 2 வினாடி கூடியிருந்தால், அறிவித்த எண்ணைவிடத் தரை ஈரமாக இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் ஆரம்ப வேகம் மந்தமாக இருந்தாலும் நேரம் கூடும். அதனால் கடைசி 600 மீட்டர் நேரத்தையும் தனியாகப் பாருங்கள். ஜெயித்த குதிரை வேலியிலிருந்து எத்தனையாவது வரிசையில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ரேஸில் அனுபவமுள்ள ஜாக்கிகள் வளைவு முடிந்ததும் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் காலையில் டிராக்கில் நடந்து பார்த்ததோடு, இரண்டு ரேஸ் அந்தத் தரையில் ஓடியும் பார்த்துவிட்டவர்கள்.